பொன்னேரி தாண்டினால் தமிழ் கூடாது

மலாயாவிலிருந்து வந்தவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். அடக்கமான பெண் என்று பாராட்டினார்களே தவிர, நம்பவில்லை. பேராக்கில் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள் நான். தமிழ் எழுதுவேன், மலாய் பேசுவேன், சீனக் கடையில் பேரம் பேசுமளவுக்குச் சீனமும் வரும். ஆங்கிலத்தில் என் பெயரை எழுதத் தெரியும், அதோடு சரி.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா என்னைக் கப்பலேற்றி அனுப்பினார். காரியம் ஒன்றே ஒன்றுதான். "சரோஜாவைக் கையோடு கூட்டிக்கிட்டு வா. இல்லைன்னா, வர்றேன்னு ஒரு வார்த்தையாவது வாங்கிக்கிட்டு வா" என்றார். மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம்.

சரோஜா என் அக்கா. அவளும் பேராக்கில் பிறந்தவள்தான். பிள்ளையில்லாத எங்கள் சின்னம்மா வளர்க்கக் கேட்டாளென்று, சின்ன வயதிலேயே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது நான் பிறக்கவில்லை. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு சின்னம்மாவும் போய்விட்டாள். அக்காவின் புருஷன் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டார். புதுவாயலில் ஒரு வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு அப்பாவைத் தூங்கவிடவில்லை. எனக்கோ வேறு கணக்கு. தோட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் சண்டை போட ஓர் அக்கா இருந்தாள். எனக்கு ஒரு புகைப்படம் இருந்தது.

திங்கட்கிழமை மெட்ராஸ் துறைமுகத்தில் அந்தப் புகைப்படம் நேரில் வந்து நின்றது. அப்பாவின் மூக்கை வைத்து நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். கட்டிப்பிடிப்பதா, கைகூப்புவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி தேவகி, இம்மாம் ஒல்லியா கீற. அங்க சோறு போடுறாங்களா இல்லியா?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சென்ட்ரலில் பாசஞ்சர் வண்டியைப் பிடித்து, வழியில் எண்ணூரில் எஞ்சினுக்கு என்னவோ ஆகி, வெயிலில் வெந்து, கவரப்பேட்டையில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் ஊர் ரயிலில் ஏறினால் இரு பக்கமும் பச்சைக் காடு. இங்கே எண்ணூர்ப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்பளம், அதைத் தாண்டினால் நெல் வயல், நடுநடுவே புதிதாக எழும்புகிற ஆலைகளின் புகைப்போக்கிகள். ஸ்டேஷனிலிருந்து புதுவாயலுக்கு ஒரு மாட்டுவண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டோம். வண்டிக்காரர் என் பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "ஃபாரினா? இங்கிலீசு பேசுவியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார்.

அக்கா மடவை மீன் குழம்பும் கேழ்வரகுக் களியும் செய்திருந்தாள். நாங்கள் மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டுத் தாலாட்டுகிறவர்கள். இவள் புளியையும் மிளகாயையும் கொட்டி அதைத் தண்டித்திருந்தாள். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். அப்படி ஒரு குழம்பை அதன் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே அப்பா சொன்னதைச் சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் வயிற்றில் வைத்திருக்க வராது.

அக்கா களியை உருட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் ஆயாவாக வேலை பார்க்கிறாள். தரை துடைக்கிறாள், பெட்பேன் எடுக்கிறாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். பயிற்சிக்குச் சேர எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும். தனியாகப் படித்து எழுதியதில் மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டன, இங்கிலீஷ் மட்டும் இரண்டு முறையும் காலை வாரிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் மறுபடியும் பரீட்சை.

"இந்தத் தபா உட்டா வயசு தாண்டிடும். அப்புறம் சேத்துக்க மாட்டாங்க" என்றாள். "பாசாயிட்டா நான் இங்கியே நர்சு. பெயிலாயிட்டா உன்னோட வந்துடுறேன். அப்பா மேல சத்தியம்."

சரி என்றேன். நல்ல பேரம் என்றுதான் தோன்றியது. இரண்டு முறை தேறாதவள் மூன்றாம் முறை மட்டும் எப்படித் தேறிவிடுவாள் என்று மனத்துக்குள் ஒரு தைரியம்.

செவ்வாய்க்கிழமை அவளுடன் வேலைக்குப் போகும் வண்டியில் நானும் ஏறினேன். பெண்கள் பெட்டி. நாஷ்டா டப்பாக்களின் வாசனையும் மல்லிகை வாசனையும் மீன் வாசனையும் ஒன்றாக அடித்தன. வண்டி பொன்னேரியை விட்டுக் கிளம்பியதும் பெட்டி திடீரென்று அமைதியானது. என்னவோ ஏதோ என்று பயந்துபோனேன்.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் தினமும் வருகிற ஏழெட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு காரணத்துக்காக ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஒருத்திக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ஒருத்திக்கு டைப்பிஸ்ட் வேலை, என் அக்காவுக்குப் பரீட்சை. அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பொன்னேரி தாண்டினால் எண்ணூர்வரை தமிழ் பேசக்கூடாது. பேசியவள் எழுந்து, நிற்கிறவளுக்கு இடம் கொடுக்க வேண்டும். காலை வண்டியில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் எல்லாரும் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

இதற்கு நீதிபதி கன்னியம்மா. பழவேற்காட்டிலிருந்து இறால் கூடையோடு பஸ்ஸில் வந்து பொன்னேரியில் வண்டி ஏறுகிறவள். சட்டம் பொன்னேரியில் தொடங்குவதற்கு அவள் அங்கே ஏறுவதுதான் காரணம். கதவோரம் கூடைமேல் கையை வைத்துக் குந்தியிருப்பாள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. தெரியாதவளைத்தான் நீதிபதியாகப் போட வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அளவுகோல் எளிமையானது.

"எனக்குப் புரிஞ்சா அது தமிழு. எயுந்திரு."

மலாயாக்காரி வந்திருக்கிறாள் என்றதும் ஜன்னலோர இடத்தைத் துடைத்து என்னை உட்கார வைத்தார்கள். வசந்தா என்ற பெண் என்னிடம் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள். நான் "ஐயோ, எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"எயுந்திரு" என்றாள் கன்னியம்மா.

எழுந்து நின்றபடி, நிஜமாகவே தெரியாது என்று விளக்கப் போனேன். இரண்டாவது குற்றத்துக்குத் தண்டனையாக அவளுடைய கூடை என் காலடிக்கு வந்தது. எண்ணூர்வரை இறால் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டே போனேன்.

எண்ணூரில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கும் வசந்தாதான் இலக்கணத்துக்குப் பொறுப்பு. கொஞ்சம் கர்வக்காரி, நல்லவள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி அதைத் திருப்பிப் போடச் சொல்வாள். கன்னியம்மா மீனை விற்றாள். மீன் கன்னியம்மாவால் விற்கப்பட்டது. இதை ஆங்கிலத்தில் ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். தன் பேரும் 'ஃபிஷ்' என்ற சொல்லும் மட்டும் காதில் விழ, கன்னியம்மா அவ்வளவு நேரம் பொறுத்திருந்தாள்.

"ஆளாளுக்கு என் பேர இன்னாத்துக்கு இய்க்கிறீங்க? இன்னும் நான் ஒரு மீனுகூட விக்கல" என்றாள்.

பெட்டியே சிரித்தது. நீதிபதி தமிழ் பேசினால் யார் எழுப்புவது என்று சட்டத்தில் இல்லை.

அக்காவின் முறை வந்தபோது அவள் தடங்கலில்லாமல் சொன்னாள். அடுத்து ஒரு கட்டுரை கேட்டார்கள், மழைக்காலம் பற்றி. அதையும் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தாள். என் தைரியம் போய்விட்டது. இவள் எப்படிப் பெயிலாவாள் என்று பார்த்தேன்.

எப்படி என்பது புதன்கிழமை தெரிந்தது. அன்று முதல் பரீட்சைவரை அவளுக்கு லீவு. காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அக்கா அடுப்பங்கரையில் குந்தி, துணைப்பாடப் புத்தகத்தை விரித்து வைத்து, ஒரு கதையை உரக்கப் படித்தாள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருந்தது. புரியாத பாட்டுக்கும் தலையாட்டுவோமே, அப்படி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா கதை அது?" என்றேன்.

"லைட் ஹவுசு கதை."

"லைட் ஹவுசில் என்ன?"

"ஒரு வயசானவரு. அவுரு பொண்ணு."

"அவங்களுக்கு என்ன?"

அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தெரியாது. அது கேள்வில வராது" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. நோட்ஸ் புத்தகத்தில் இருந்த கேள்விகளையும் பதில்களையும் கட்டுரைகளையும் அவள் அப்படியே நெட்டுருப் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் தனியாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் படிப்பார்களாம். கேள்வி அதே மாதிரி வந்தால் பிழைத்தார்கள். கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும், பாடப் புத்தகத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துக் கேட்டாலும் எழுத ஒன்றும் வராது. அக்காவுக்கு இரண்டு முறையும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. சொற்கள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். அவை ஒன்றுசேர்ந்து எதையோ சொல்லுகின்றன என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

எனக்குக் கதைப் பைத்தியம் உண்டு. பாதிக் கதையில் விட்டால் சோறு இறங்காது. "பரீட்சை கிடக்கட்டும், அந்தக் கிழவனுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல" என்றேன்.

"நீ ஒரு பேஜாருடி" என்று சலித்துக்கொண்டே அக்கா முதல் வரிக்குப் போனாள். ஒரு வரி படிப்பாள், நிறுத்துவாள், யோசிப்பாள், எனக்குச் சொல்வாள். கிழவருக்குக் காய்ச்சல். வெளியே புயல். மாடிப்படி ஏற முடியவில்லை. "அப்புறம்?" என்பேன். பெண் விளக்கேற்றப் போகிறாள். "அப்புறம்?" தீப்பெட்டி நனைந்துவிட்டது. "ஐயையோ, அப்புறம்?" அக்கா புத்தகத்தின்மேல் கவிழ்ந்துவிட்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஏத்திட்டாடி" என்றாள் கடைசியில். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஏத்திட்டா. வெளிச்சம் பார்த்து ஒரு படகு வருது. அதுல இருந்தது அவ கூடப்பொறந்த அண்ணன். ரொம்ப வருசமா காணாமப் போனவன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, வெங்காயம் என்றாள். தீய்ந்த சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டோம். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று கதை கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அவளுக்கு வேலையில்லை. ஆனாலும் "கடைசியா ஒரு தபா பேசிப் பாத்துடுறேன்" என்று அதே வண்டிக்கு என்னை இழுத்துப் போனாள். பொன்னேரி தாண்டியதும் வசந்தா வழக்கம்போல் கட்டுரை கேட்டாள். அக்கா தலையாட்டி மறுத்துவிட்டு, லைட் ஹவுஸ் கதையை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். நெட்டுரு இல்லை. தடுக்கித் தடுக்கி வந்தது. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். புயலுக்கு முந்தானையை வீசினாள். தீக்குச்சி உரசினாள், எரியவில்லை, மறுபடி உரசினாள். வசந்தா இடையில் இரண்டு இலக்கணப் பிழையைத் திருத்தப் போய், பக்கத்திலிருந்தவளிடம் குத்து வாங்கிக்கொண்டு வாயை மூடினாள்.

தீக்குச்சி மூன்றாம் தடவை அணைந்தபோது கன்னியம்மா கூடையை விட்டு எழுந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு வெளக்க ஏத்துனாளா இல்லியா?" என்றாள்.

ஏற்றிவிட்டாள் என்று அக்கா ஆங்கிலத்திலேயே சொன்னாள். கன்னியம்மா பெருமூச்சு விட்டாள். பழவேற்காட்டுக்காரிக்கு லைட் ஹவுஸ் வெளிச்சம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு தன் வேலை ஞாபகம் வந்தவளாக அக்காவைப் பார்த்தாள்.

"எனக்குப் புரிஞ்சிட்ச்சி. எயுந்திரு."

பெட்டி கொதித்தது. அவள் பேசியது அத்தனையும் ஆங்கிலம், ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை என்று ஆளுக்காள் வாதாடினார்கள், அதுவும் தமிழில். கன்னியம்மா மசியவில்லை. "புரிஞ்சா தமிழு. நான் போட்ட சட்டமா? நீங்க போட்டது" என்றாள்.

அக்கா எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணூர்வரை நின்றாள். அவள் முகம் அன்று இருந்த மாதிரி நான் அதற்குமுன் பார்க்கவில்லை. நான் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறேன் என்ற பயமும் அப்போதுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புதுவாயலில் பஸ் ஏறினோம். ஆரணி வழியாகப் பெரியபாளையம், அங்கே மாறித் திருவள்ளூர். பஸ்ஸில் ஆட்டுக்குட்டிகள், கீரைக்கட்டுகள், வேண்டுதலுக்கு மொட்டையடிக்கப் போகும் ஒரு குடும்பம். இரவெல்லாம் பெய்த மழையில் சாலை கூழாகக் கிடந்தது. ஆரணிக்கு இப்பால் ஒரு வளைவில் பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சக்கரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கண்டக்டர் ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டார். பீடி பற்றவைத்த கண்டக்டரிடம் நம்பிக்கை வைக்கக் கூடாது என்பது மலாயாவுக்கும் இந்த ஊருக்கும் பொது.

அக்கா சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சைக்கான பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"போவட்டும் உடுடி" என்றாள். "நமக்குக் குடுப்பினை அவ்ளோதான். நான் உன்னோடவே வந்துடுறேன். அப்பாவும் சந்தோசப்படுவாரு."

அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் நான் கடல் கடந்து வந்திருந்தேன். கேட்டு வாங்காமலே கைக்கு வந்துவிட்டது. அவள் என்னோடு வருவாள், சாகும்வரை சண்டை போடலாம், அவள் கையால் மீன் குழம்பு சாப்பிடலாம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், அந்தக் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உட்கார முடியவில்லை. வண்டியில் கம்பியைப் பிடித்து நின்றாளே, அந்த முகம் என்னை உட்காரவிடவில்லை. அப்போது ஊத்துக்கோட்டைப் பக்கத்து வைக்கோல் லாரி ஒன்று ஆடி ஆடி வந்தது. நான் சாலை நடுவில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டேன்.

டிரைவர் தெலுங்கு கலந்து திட்டினார். நான் தமிழும் மலாயும் கலந்து பதில் சொன்னேன். "நைனா, என் அக்காவுக்குப் பரீட்சை. திருவள்ளூரில் விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"முன்னால எடம் லேது. மேல ஏறுவீங்களா?"

அப்படித்தான் நாங்கள் வைக்கோல் போர்மேல் படுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, மரக்கிளைகளுக்குக் குனிந்து குனிந்து திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூட வாசலில் கடைசி மணி அடித்துக்கொண்டிருந்தது. தலையில் வைக்கோலோடு அக்கா உள்ளே ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் வடை வாங்கி, கடிக்காமலே கையில் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் பரீட்சை என்றால் பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அவள் தேற வேண்டும், தேறாமல் என்னோடு வர வேண்டும் என்ற இரண்டையும் ஒரே சாமியிடம் எப்படிக் கேட்பது?

மணி அடித்தது. கூட்டத்தோடு அக்கா வந்தாள். என் கையிலிருந்த வடையைப் பிடுங்கிப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். நான் எதையும் கேட்கவில்லை. பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்து, ஊர் எல்லை தாண்டியதும் அவளே சிரிக்க ஆரம்பித்தாள்.

"உள்ள ஒரு வாத்தியாரு என்னத் திட்டிட்டாரு" என்றாள்.

"ஏன், வைக்கோலுக்கா?"

"இல்லடி. புஸ்தகத்துல இல்லாத பத்தி ஒண்ணு குடுப்பாங்க இல்ல, அதுல ஒரு கெழவி வாத்த எடுத்துக்கினு ரயில் ஏறுறா. டிக்கெட் கேக்குறவன் வந்து, வாத்துக்கும் டிக்கெட் எடுன்றான். இவளும் எடுக்குறா. அடுத்த ஸ்டேசன்ல வேறொருத்தன் வந்து டிக்கெட்டக் காட்டுன்றான். அதுக்குள்ள வாத்து அத்தத் துன்னுட்ச்சி." அவளால் மேலே சொல்ல முடியவில்லை. மூச்சு வாங்கச் சிரித்தாள். "அவன் இன்னா பண்ணான் தெரியுமா? டிக்கெட்டு வாத்து வயித்துல கீது, வாத்த எறக்கக் கூடாதுன்னு எய்திக் குடுத்துட்டுப் போயிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துட்ச்சி. அடக்க முடியல. பரீட்சையில சிரிக்கிற மொத ஆளு நீதாம்மான்னாரு வாத்தியாரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஆங்கிலத்தில் படித்து, தனியாக உட்கார்ந்து, யாரும் சொல்லித்தராமல் அவள் சிரித்திருக்கிறாள்.

அவளுக்கும் என்னவோ உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாகிட்ட இன்னா சொல்லப் போற?"

"அக்கா வரமாட்டான்னு சொல்வேன்."

"ரிசல்ட்டு வர எவ்ளோ நாளோ ஆவும். அதுக்குள்ள நீயே முடிவு கட்டினா எப்படி?"

"எனக்கு வந்துடுச்சுக்கா" என்றேன்.

அவள் என் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். பெரியபாளையத்தில் பஸ் மாறும்போதுகூட அதை விடவில்லை.